சவலைப் பிள்ளையும் அடுத்த பிள்ளையும்

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்கே மலைத்தொடர் கூடவே வர, சேத்தூரை அடையலாம். பழைய ஏடுகள் இவ்வூரைச் சேற்றூர் என்று எழுதின. ஜமீன் இருந்த காலத்தில் கவிராயர்களை ஆதரித்த ஊர் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நாம் இங்கு எழுத வந்தது கவிராயர்களைப் பற்றி அன்று. அவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன எம் உறவுப் பெண் ஒருத்தியைப் பற்றியும், அவளைப் போன்ற பலர்மீது ஊரும் உறவும் மருத்துவமும் ஒரே குரலில் வழங்கும் ஒரு தீர்ப்பைப் பற்றியும் எழுத வந்தோம்.

அவளுடைய மகளுக்கு அப்போது இரண்டு வயதும் மூன்று மாதமும். சோறு தின்பாள், ஓடுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். தூங்கப் போகும்போதும் இரவில் விழிக்கும்போதும் தாயின் மார்பைத் தேடுவாள். இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று கணவனும் மனைவியும் எண்ணத் தொடங்கி ஏழு மாதமாகியிருந்தது. கரு தங்கவில்லை. மாமியார் ஒரு நாள் சொன்னார்: "இன்னுமா பால் குடுத்துக்கிட்டிருக்க? அதை நிறுத்துனாத்தானம்மா அடுத்தது தங்கும்." அடுத்த வீட்டு அத்தையும் அதையே சொன்னார். பக்கத்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஐந்து நிமிடத்தில் அதையே சொல்லி, பால் வற்றுவதற்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவே மார்பில் வேப்பெண்ணெய் தடவப்பட்டது. குழந்தை மூன்று இரவு அழுதாள். தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. எட்டு மாதம் கழிந்தது. அப்போதும் கரு தங்கவில்லை.

அவளுக்கு மாதவிலக்கு ஓராண்டாக ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. அவள் கணவனுக்கு ஒரு விந்தணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்பதும் அந்த எட்டு மாதத்திற்குப் பிறகே ஒருவருக்குத் தோன்றியது. சோதனையில் என்ன தெரிந்தது என்பது அவர்கள் இருவருக்கும் உரிய செய்தி. அதை எழுத எமக்கு உரிமையில்லை. அந்தச் சோதனையை ஒரு காலைப்பொழுதில் முடித்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்வோம். அது எளிதாக இருந்தது. ஆகவே கடைசியில் வந்தது. ஒரு குழந்தையின் பாலைப் பறிப்பது கடினமாக இருந்தது; ஆனால் அதுவே முதலில் வந்தது. இந்த வரிசையின்மேல்தான் எமக்குச் சினம்.

நாம் சொல்ல வருவதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நடக்கும் வயதுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த பிள்ளையை விரும்புவது பிழையுமில்லை, பேராசையுமில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய கட்டாயம் கிடையாது. எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்ய வேண்டியவள் தாய். கேட்ட நொடியில் தீர்ப்புச் சொல்லும் மற்றவர்கள் அல்லர்.

* * *

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம். குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது, புரோலாக்டின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது, பால் ஊறுகிறது. அடிக்கடி சப்பும்போது, மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனின் துடிப்பும் தளர்கிறது. அது தளர்ந்தால் எல்எச் ஹார்மோன் போதிய அளவு எழாது. கருமுட்டை முதிர்ந்து வெளிவராது. பால் கொடுப்பது கருத்தரிப்பைத் தள்ளிப்போடும் என்று பாட்டிமார் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த உண்மைக்கு எல்லை உண்டு. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் அந்த எல்லையை மூன்று நிபந்தனைகளாக வகுத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. அது முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ தாய்ப்பாலையே குடிக்க வேண்டும். தாய்க்கு மாதவிலக்குத் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 விழுக்காட்டுக்கு மேல் கருத்தரிப்பு நிகழாது என்றார்கள். ஒன்று தவறினாலும் அந்தக் காப்பை நம்ப முடியாது. இங்கே நகைப்புக்குரிய ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை வேண்டாம் என்பவளிடம், "ஒரு வயதுக் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நம்பியிராதே, கருத்தடை செய்துகொள்" என்று மருத்துவம் எச்சரிக்கிறது. பிள்ளை வேண்டும் என்பவளிடமோ, "இரண்டு வயதுக் குழந்தைக்குப் பால் கொடுப்பதால்தான் கரு தங்கவில்லை" என்று அதே மருத்துவத்தின் பெயரால் தீர்ப்புச் சொல்லப்படுகிறது. முதலில் சொன்னது ஆய்ந்து சொன்னது. அடுத்துச் சொன்னது வாய்க்கு வந்தது.

அடிக்கடி சப்புவது என்றால் எவ்வளவு அடிக்கடி? காலகாரிப் பாலைநிலத்துக் குங் மக்களிடையே கானரும் வொர்த்மனும் செய்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. அங்கே தாயின் இடுப்பிலேயே இருக்கும் பிள்ளை, பகல் முழுவதும் மணிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் பால் குடிக்கிறது. இரவிலும் தாயருகே கிடந்து குடிக்கிறது. இரு பிறப்புகளுக்கிடையே அவர்களுக்குச் சராசரியாக 44 மாதம். சேத்தூர்ப் பிள்ளை அப்படியா குடிக்கிறது? மூன்று வேளைச் சோறும் இடையே முறுக்கும் வாழைப்பழமும் தின்றுவிட்டு, படுக்கப் போகும்போது தாயைத் தேடுகிற பிள்ளையைக் காலகாரிப் பிள்ளையோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என்ன நியாயம்?

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்னுமா பால் கொடுக்கிறாய்?" என்பதாக இருக்கக் கூடாது. "மாதவிலக்குத் திரும்பிவிட்டதா? ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்க வேண்டும். ஒழுங்காக வருகிறதென்றால் பெரும்பாலும் கருமுட்டையும் வெளிவருகிறது என்று கொள்ளலாம். திரும்பிய புதிதில் சில சுழற்சிகளில் கருமுட்டை வெளிவந்தபின் உள்ள காலம் குறுகியிருக்கலாம். நாளடைவில் அது தானே நேராகும். மாதவிலக்கு இன்னும் திரும்பவேயில்லை, அல்லது தாறுமாறாக வருகிறது என்றால், அப்போது பாலைக் குறைத்துப் பார்ப்பதில் பொருளுண்டு. இரவில் புரோலாக்டின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஆதலால் இரவுப் பாலை முதலில், ஒவ்வொரு வேளையாக, குழந்தைக்குச் சொல்லிச் சொல்லிக் குறைக்கலாம். பலருக்கு அதுவே போதும். அதற்கு வேப்பெண்ணெய் தேவையில்லை.

அடுத்த கேள்வி வயதும் காலமும் பற்றியது. முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண் ஓராண்டு முயன்றும், அதற்கு மேற்பட்டவள் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவரையும் சோதிக்க வேண்டும் என்பதே மருத்துவ நூல்கள் கூறும் முறை. இருவரையும் என்ற சொல்லின் கீழ்க் கோடிட்டுக்கொள்ளுங்கள். கருத்தரிக்காத இணைகளில் ஏறக்குறையப் பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. முதல் பிள்ளை பிறந்துவிட்டது என்பது இரண்டாவதற்கு உறுதிச்சீட்டு ஆகாது. இடையில் ஆணின் உடலும் மாறியிருக்கலாம். பெண்ணிடமும் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, கருக்குழாய் அடைப்பு என்று பார்க்க வேண்டியவை எத்தனையோ உள்ளன. பாலின்மேல் பழி போட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த உண்மைக் காரணம் மறைந்தே கிடக்கிறது. பால் கொடுப்பது காலத்தை வீணாக்குகிறது என்பவர்களே காலத்தை வீணாக்குகிறவர்கள்.

* * *

இனி, சவலைக்கு வருவோம். "பால் குடிக்கும்போதே வயிற்றில் அடுத்தது உண்டானால் மூத்தது சவலையாகிவிடும், கர்ப்பப் பால் நஞ்சு." இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ்ப் பெண் அரிது. யாப்பிலக்கணம் படித்தோர் இச்சொல்லை வேறிடத்திலும் பார்த்திருப்பார்கள். இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவைச் சவலை வெண்பா என்றார்கள் நம் முன்னோர். மெலிந்த பாட்டுக்கு மெலிந்த பிள்ளையின் பெயர். ஒரு சமுதாயம் தன் பாட்டுக்கே அப்பெயரை இட்டது என்றால், அந்தப் பிள்ளையை அது வீடுதோறும் பார்த்திருக்கிறது என்று பொருள்.

நாம் மட்டும் பார்க்கவில்லை. ஆயுர்வேதத்தின் மாதவ நிதானம் இதனைப் பாரிகர்ப்பிகம் என்கிறது; கருவுற்ற தாயின் பாலைக் குடிக்கும் பிள்ளைக்கு இருமலும் செரியாமையும் மெலிவும் வயிற்று உப்பலும் வரும் என்று அடையாளம் சொல்கிறது. கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவிலும், கோல்டு கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய கானாவில், கா மொழி பேசுவோர் அதற்கொரு பெயர் வைத்திருந்தார்கள்: குவாஷியோர்க்கர். அடுத்த பிள்ளை பிறக்கும்போது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் அந்தப் பெயரோடேயே அந்நோயை 1935இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்.

மூன்று நிலங்கள் ஒரே காட்சியைக் கண்டன. கண்டது பொய்யன்று. காரணம் சொன்னதில்தான் வேறுபாடு. நம்மவர்கள் பாலைக் குற்றம் சொன்னார்கள். வில்லியம்ஸ் அந்தப் பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்று பார்த்தார். தாயின் மார்பிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்குக் கிடைத்தது மக்காச்சோளக் கூழ். வயிறு நிறைந்தது, உடம்பு வளர வேண்டிய சத்து அதில் இல்லை. பால் நஞ்சானதால் பிள்ளை மெலியவில்லை. பாலை நிறுத்தி, அதன் இடத்தில் ஈடான உணவு எதையும் வைக்காததால் மெலிந்தது. சவலையைத் தடுக்க நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியம், அதாவது பாலை உடனே நிறுத்துவது, ஏழை வீடுகளில் சவலையை உண்டாக்கும் காரியமாகவே இருந்திருக்கிறது. இதைவிடக் கசப்பான முரண் வேறொன்று எமக்குத் தெரியவில்லை.

கர்ப்பக் காலத்துப் பால் நஞ்சாவதில்லை. நான்காம் ஐந்தாம் மாதத்தில் அளவு குறையும், சீம்பாலாக மாறத் தொடங்கும், சுவை மாறும். சில பிள்ளைகள் தாமே விலகிவிடும். பால் கொடுத்துக்கொண்டே கருவுற்ற 503 பெண்களைப் பற்றி 1979இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலோரின் பிள்ளைகள் அந்தக் கர்ப்பக் காலத்திலேயே பால் மறந்துவிட்டன. சில பிள்ளைகள் விடாமல் தொடரும். இரண்டும் இயல்பே. ஓராண்டு நிறையாத பிள்ளையாக இருந்தால் மட்டும் பால் குறைவதைக் கருதி அதன் எடையைக் கண்காணித்து, உணவைக் கூட்ட வேண்டும்.

* * *

"சப்பினால் கருப்பை சுருங்கும், கரு கலைந்துவிடும்" என்பது அடுத்த அச்சம். சப்பும்போது ஆக்ஸிடோசின் சுரப்பது உண்மை. கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதுவே. ஆனால் கர்ப்பத்தின் பெரும்பகுதியில் அந்த ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் ஏற்பிகள் கருப்பையில் மிகக் குறைவு. பேறுகாலம் நெருங்கும்போதே அவை பெருகுகின்றன. கணவன் மனைவி உறவின்போதும் ஆக்ஸிடோசின் சுரக்கத்தான் செய்கிறது. இயல்பான கர்ப்பத்தில் அதைத் தடை செய்யாத மருத்துவர், குழந்தையை மட்டும் ஏன் தடை செய்கிறார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

எதிர்ச்சான்றுகளையும் மறைக்காமல் சொல்வோம். அமெரிக்கப் பெண்களின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வேறு உணவின்றித் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை இருக்கையில் மீண்டும் கருவுற்றவர்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைக் கண்டது. பிற உணவும் உண்ணும் பிள்ளைகளின் தாய்மாரிடம் அந்தக் கூடுதல் தென்படவில்லை. நாம் பேசிக்கொண்டிருப்பது இந்த இரண்டாம் வகையினரைப் பற்றி. முன்பு குறைமாதப் பேறு கண்டவர், இரட்டைக் கரு சுமப்பவர், கர்ப்பத்தில் இரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோருக்கு மருத்துவர் நிறுத்தச் சொன்னால் அதில் பொருளுண்டு. காரணத்தோடு சொல்லும் அறிவுரைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

"அப்படியானால் பிறக்கப்போகும் பிள்ளைக்குக் குறையாதா?" இக்கேள்வி நேர்மையானது. பெரு நாட்டின் லிமா நகரில் ஏழைத் தாய்மாரிடையே நடந்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று, கர்ப்பத்தின் இறுதி மாதங்கள்வரை மூத்த பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களின் பச்சிளங்குழந்தைகள் முதல் மாதத்தில் சற்றுக் குறைவாகவே எடை கூடியதைக் கண்டது. குவாதமாலாவில் நடந்த ஆய்வொன்று, பாலூட்டலும் கர்ப்பமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது தாயின் உடற்கொழுப்புக் கரைவதைக் காட்டி 1990இல் வெளிவந்தது. இவற்றைச் சுட்டிக்காட்டி, "பார்த்தீர்களா, நிறுத்த வேண்டும்" என்பார்கள். நாம் இவற்றிலிருந்து வேறொன்றைப் படிக்கிறோம். இந்தத் தாய்மார்கள் போதிய உணவில்லாதவர்கள். தட்டில் சோறு குறைந்தபோது இரு பிள்ளைகளுக்கிடையே பங்கு போட வேண்டியிருந்தது. குழந்தை பிறந்ததும் சீம்பால் முதலில் பச்சிளங்குழந்தைக்கே என்று வரிசை வைப்பது தாயின் வேலை. அதை எந்தத் தாய்க்கும் எளிதில் சொல்லித் தரலாம். அவள் தட்டை நிறைப்பது யார் வேலை?

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்றும், முதல் ஆறு மாதம் பாலூட்டுபவளுக்கு 600 கூடுதலாக வேண்டும் என்றும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்திருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். கடைசியாக உண்டு, மிஞ்சியதை உண்டு, பழையதை உண்டு வாழும் ஒருத்தியிடம் போய், "உன் பாலை நிறுத்து" என்று சொல்வது எளிது. "நீ முதலில் உட்கார்ந்து சாப்பிடு" என்று சொல்வதற்கு நாக்கு எழுவதில்லை. சேத்தூர் வீட்டிலும் எழவில்லை.

* * *

"இரண்டு வயதுக்கு மேலுமா? இதென்ன வழக்கம்?" என்று முகம் சுளிப்பவர்கள் சற்று வடக்கே நடக்கட்டும். சேத்தூரிலிருந்து இராசபாளையம் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூரின் பெரியாழ்வார் தம் திருமொழியில், கண்ணனைப் பால் குடிக்க வருமாறு யசோதை அழைப்பதையே ஒரு முழுத் திருமொழியாகப் பாடினார். அப்போதே கண்ணன் ஊர் சுற்றி விளையாடும் பிள்ளை. பின்னர் மற்றொரு திருமொழியில், அவன் செய்த மாயச் செயல்களையும் குறும்புகளையும் எண்ணியெண்ணி, உனக்கு அம்மம் தர அஞ்சுகிறேன் என்று அதே யசோதை சொல்கிறாள். ஆயர் வீடுகளில் புகுந்து வம்பு செய்யும் அளவுக்கு வளர்ந்தவன். அவனுக்கும் அம்மம் உண்டு. யசோதை அஞ்சியது அவன் கடவுளோ என்ற ஐயத்தால். பிள்ளை வளர்ந்துவிட்டானே, அயலார் என்ன சொல்வார்களோ என்று அவள் அஞ்சியதாக ஆழ்வார் எங்கும் பாடவில்லை.

சீர்காழியில் ஞானசம்பந்தருக்கு உமையம்மை பால் கொடுத்தபோது அவருக்கு வயது மூன்று. அதை இன்றும் திருமுலைப்பால் விழாவாகச் சித்திரை மாதத்தில் கொண்டாடுகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை பால் குடித்ததற்கு விழா எடுக்கும் நாட்டில், இரண்டேகால் வயதுப் பிள்ளை பால் குடிப்பது வெட்கமாகிவிட்டது. திருக்குர்ஆன் முழுமையாக இரண்டு ஆண்டு பாலூட்டுவதைச் சொல்கிறது. அதற்கு முன் நிறுத்துவதானால் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் மனமொப்பிச் செய்தால் குற்றமில்லை என்கிறது. அதில் மாமியாருக்கு வாக்கில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். பாலூட்டும் மனைவியோடு கூடுவதைத் தடுக்க நபிகள் எண்ணியதாகவும், ரோமரும் பாரசீகரும் அவ்வாறே வாழ்ந்தும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கேடு வரவில்லை என்று கண்டு விட்டுவிட்டதாகவும் நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். வழக்கத்தைத் தீர்ப்பாக்கும் முன் உலகத்தைப் பார்த்த அந்தப் பண்பு நமக்கும் வேண்டும்.

இன்றைய அறிவியலும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்பு பிற உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு அப்பாலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று அதே நிறுவனம் 2005இல் கூட்டிய வல்லுநர் குழு கூறியது. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும் வேளையே அடுத்ததை நினைப்பதற்கு உரிய வேளை.

* * *

பால் மறக்கடிக்கும் முறைகளைப் பற்றியும் ஒரு சொல். வேப்பெண்ணெயும் கற்றாழைச் சாறும் நமக்குப் புதியன அல்ல. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கமும் உண்டு. அதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பேறுகாலப் பெண்களிடம் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். பூவும் பாலைக் குறைக்கவே செய்தது. ஆண்டாளுக்கு மாலை தொடுக்கும் மண்ணில் பூவுக்குப் பஞ்சமில்லை. தாயே நிறுத்த விரும்பினால் இத்தகைய மெல்லிய வழிகள் இருக்கின்றன. புரோமோகிரிப்டினை எடுத்துக்கொண்ட பேறுகாலப் பெண்கள் சிலருக்கு வலிப்பும் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்ததையடுத்து, பால் வற்றச் செய்ய அதைப் பயன்படுத்துவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990களின் நடுவில் விலக்கிக்கொண்டது. நாளைக்கு ஓரிரு முறை குடிக்கும் பிள்ளையின் பாலை நிறுத்த, எதற்கு என்று விளக்காமல் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுப்பவரிடம், "இதன் பெயர் என்ன? இது எதற்கு? வேறு வழியில்லையா?" என்று கேட்கும் துணிவு நம் பெண்களுக்கு வர வேண்டும்.

மறுபக்கத்தாரையும் விட்டுவைக்கப் போவதில்லை. பாலை நிறுத்தினாள் என்பதற்காக ஒருத்தியைத் தாய்மையில் குறைந்தவள் என்று ஏசும் இயற்கைவாதிகளும் இருக்கிறார்கள். அவர்களும் அதே பெண்ணின் மார்பின்மேல் தீர்ப்பு எழுதுகிறவர்களே. முப்பத்தெட்டு வயதில் சோதனைக்குழாய்க் கருவுறுதலுக்குப் போகும் ஒருத்திக்கு, கருமுட்டை வளரத் தரும் மருந்துகளைக் கருதிப் பாலை நிறுத்துமாறு மருத்துவர் சொல்லலாம். அவள் எண்ணிப் பார்த்து நிறுத்தலாம். அலுப்பினாலும் நிறுத்தலாம், தூக்கம் வேண்டும் என்பதற்காகவும் நிறுத்தலாம். காரணம் அவளுடையதாக இருக்கும்வரை எமக்கு மறுப்பில்லை.

* * *

கடைசியாக, அரசியலையும் ஆலையையும் தொடாமல் இதை முடிக்க முடியாது. ஒரு காலத்தில் இரண்டே போதும் என்று சுவரெல்லாம் எழுதிய நாடு இது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் 1.8 என்று வந்தது. 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையை முன்னிட்டு, புதுமணத் தம்பதியர் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று திருமண மேடையில் பேசினார். போதும் என்றபோதும் பெண்ணைக் கேட்கவில்லை. வேண்டும் என்றபோதும் கேட்கவில்லை.

இராசபாளையத்தில் 1936இல் முதல் நூற்பாலை எழுந்தது முதல் இவ்வட்டாரத்துப் பொருளாதாரம் பஞ்சையும் நூலையும் சுற்றியே நகர்கிறது. சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அந்தத் தறிகளுக்குப் பின்னாலும் பெண்கள் இருக்கிறார்கள். 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பும், 50 பேருக்குக் குறையாத இடத்தில் குழந்தைகள் காப்பகமும் தந்தது. பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை தருவதும் சட்டத்தில் இருந்தது. ஆனால் குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை மட்டுமே. பின்வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த ஏற்பாடுகளையே ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 24 மாதமும் அதற்கு மேலும் என்கிறது. நம் சட்டத்திற்கு 15 மாதத்தில் மூச்சு வாங்கிவிடுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் தறிக்கூடத்துப் பெண்ணுக்கோ அந்தக் காப்பகமும் இல்லை. அவள் பகலெல்லாம் பிள்ளையைப் பிரிந்திருந்து இரவில்தான் பால் கொடுக்கிறாள். அந்த இரவுப் பாலையும் நிறுத்து என்று வீட்டில் சொல்கிறார்கள்.

2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் பேருந்துக்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்திற்கு ஓர் அறை கட்டிவிட்டு, வேலை செய்யும் எட்டு மணி நேரத்தை மறந்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? இரண்டு வயதுவரைக்கான குழந்தை உணவுகளுக்கு விளம்பரம் கூடாது என்கிறது 1992இல் வந்து 2003இல் திருத்தம் பெற்ற சட்டம். இரண்டு வயது தாண்டியதும் அந்த வேலி முடிகிறது. வளரும் பிள்ளைக்கான சத்துமாவுகள் தொலைக்காட்சியில் வந்து நிற்கின்றன. தாயின் மார்பில் வேப்பெண்ணெய் தடவிய கையே கடைக்குப் போய் அந்த டப்பாவை வாங்கி வருகிறது.

எம் உறவுப் பெண்ணை அண்மையில் சேத்தூரில் பார்த்தோம். மகளுக்கு இப்போது நான்கு வயதாகிறது, பள்ளிக்குப் போகிறாள். பழையதைப் பேசும்போது தாய் அழவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: "நிறுத்தச் சொன்னதுகூட எனக்குப் பெருசில்ல. ஒரு வாரம் பொறுத்து அவளுக்குச் சொல்லி நிறுத்தியிருப்பேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே."

வாசகர்களுக்கு எம் வேண்டுகோளும் அவ்வளவே. உங்கள் வீட்டில் பால் குடிக்கும் பிள்ளையும் அடுத்த பிள்ளைக்கான ஆசையும் ஒருசேர இருந்தால், கையில் வேப்பெண்ணெயை எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? கணவன் சோதனை செய்துகொண்டானா? அவள் வயிறார உண்டாளா? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு நான்காவதாக அவளிடம் கேளுங்கள்: நீ என்ன நினைக்கிறாய்? அந்த நான்காவது கேள்விக்கு அவள் சொல்வதே முடிவு.